லீக்ஸ், வெங்காய நாற்று: மலையகத்து வீட்டுத் தோட்டத்துக்கான கேள்வி பதில்

ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணியில் வீட்டைக் கட்டிய பிறகு மிஞ்சுவது பின்பக்கத்தில் நாலைந்து பாத்திக்கான இடம்தான். லயத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் வாசலுக்கு எதிரே ஒரு துண்டு. அந்த அளவுத் தோட்டத்தை மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஏக்கர் கணக்கில் லீக்ஸ் போடும் கந்தப்பளை, இராகலைக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

இடம் கொஞ்சம்தான் இருக்கிறது. லீக்ஸ் போடலாமா, வெங்காயம் போடலாமா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், லீக்ஸ். குளிரையும் மூட்டத்தையும் அது தாங்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை, கறிக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

பெரிய வெங்காயம் வெயிலுக்குப் பழகிய பயிர். இலங்கையில் அது அதிகமாக விளைவது தம்புள்ளை, கலேவெல பக்கத்து வறண்ட நிலத்தில். அங்கே மே, ஜூனில் நட்டு ஓகஸ்ட், செப்டம்பரில் எடுக்கிறார்கள். தண்டின் அடி பருத்துக் கிழங்காக வேண்டுமானால் போதிய பகல் நீளம் வேண்டும், அதோடு சூடும் வேண்டும். நமக்குப் பகல் நீளம் கிடைக்கிறது, சூடுதான் கிடைப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். அங்கே வெங்காயம் தாளாக, அதாவது பச்சை இலையாக, நன்றாக வளரும், கிழங்கு வைக்கத்தான் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். பண்டாரவளை, வெலிமடை, பதுளைக்கு இறங்கினால் கதை வேறு. கோடையில் அங்கே நல்ல வெயில் கிடைக்கும், முயன்று பார்க்கலாம்.

மேலே இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லீக்ஸை முக்கியப் பயிராக வையுங்கள், வெங்காயத்தைத் தாளுக்காக ஓர் ஓரத்தில் போடுங்கள். கிழங்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

லண்டனில் இருக்கும் மச்சான் வெங்காய விதைப் பக்கெட் அனுப்பியிருக்கிறார். போடலாமா?

போட்டால் தாள் கிடைக்கும், வெங்காயம் கிடைக்காது. ஐரோப்பா, கனடாவில் விற்கும் வெங்காய விதைகளில் பெரும்பாலானவை நீண்ட பகல் இனங்கள். கோடையில் 14 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருந்தால்தான் அவை கிழங்கு வைக்கும். இலங்கையில் ஆண்டில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரம்தான். எவ்வளவு பசளை போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. நமக்குக் குறுகிய பகல் இனங்கள்தான் சரி: தம்புள்ளை ரெட், கலேவெல லைட் ரெட், இந்தியாவின் பூசா ரெட் போன்றவை.

லீக்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது கிழங்கு வைக்கும் பயிரல்ல. மச்சான் லீக்ஸ் விதை அனுப்பினால் தாராளமாகப் போடுங்கள்.

எந்த மாதத்தில் விதைப்பது?

மலையகம் முழுவதற்கும் ஒரே மாதம் சொல்ல முடியாது. மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது.

மேற்குச் சரிவில், அதாவது கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை பக்கம், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த நேரத்தில் பிஞ்சு நாற்றைத் திறந்த வெளியில் வைப்பது வீண் வேலை. கார்த்திகை, மார்கழியில் கூரை போட்ட நாற்றுமேடையில் விதைத்து, தை கடைசியிலோ மாசியிலோ நட்டால், பெரிய மழை வருமுன் லீக்ஸ் தேறிவிடும்.

ஊவாப் பக்கம், பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளையில் இது அப்படியே தலைகீழ். அங்கே நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மண்ணைக் காயவைக்கும் கச்சான் காற்று. தையில் விதைத்துப் பங்குனி, சித்திரை மழையோடு நட்டுவிடுங்கள். பெரிய வெங்காயம் போட நினைப்பவர்களும் இதையே பின்பற்றலாம். கிழங்கு பருக்கும் நேரமும் வெயில் நேரமும் ஒன்றாகிவிடும். காற்று மாதங்களில் தண்ணீர் ஊற்ற வழியிருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா, கந்தப்பளையில் மரக்கறிக்காரர்கள் ஆண்டு முழுவதும் நடுகிறார்கள். வீட்டில் மேடைக்கு மேலே ஒரு பொலித்தீன் கூரை இருந்தால் நீங்களும் நடலாம்.

எவ்வளவு விதை வாங்குவது? போன வருடம் மிஞ்சிய விதை முளைக்குமா?

கொஞ்சமாக வாங்குங்கள். ஒரு கிராம் லீக்ஸ் விதையில் 300க்கு மேல் இருக்கும். பாதி முளைத்தாலே ஒரு வீட்டுக்குத் தாராளம்.

வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுள் குறைவு. ஒரு வருடம் நம்பலாம், இரண்டாம் வருடத்தில் முளைப்பு விழுந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில், திறந்த பக்கெட்டைச் சமையலறைத் தட்டில் போட்டு வைத்தால் அந்த ஒரு வருடம்கூட நிற்காது. இறுக மூடும் சிறு போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஐந்துகூட முளைக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

கடையில் வாங்கும் விதையில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பூச்சு இருந்தால் அது பூஞ்சணக் கொல்லி. விதைத்ததும் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நாற்றுமேடைக்கு எந்த மண் நல்லது? தேயிலை மலை மண்ணைக் கொண்டுவரலாமா?

வேண்டாம். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்கு நிறைவு. லீக்ஸும் வெங்காயமும் கேட்பது 6க்கு மேல். தேயிலை மண்ணில் போட்ட நாற்று சாகாது, ஆனால் ஊசி போல மெலிந்து மஞ்சளாக அப்படியே நின்றுவிடும். பசளை போதவில்லை என்று நினைத்து மேலும் யூரியா போடுவார்கள். யூரியா மண்ணை இன்னும் புளிப்பாக்கும்.

நம் வீட்டுக் காணிகளில் பலவும் ஒரு காலத்தில் தேயிலை இருந்த இடம்தான். அதனால் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு போடாமல் தொடங்க வேண்டாம். சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி தூவி, கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். எருவையோ யூரியாவையோ அதே நாளில் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

மேடை ஒரு மீற்றர் அகலம், ஒரு சாண் உயரம் இருக்கட்டும். நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்தது. மேல் மண்ணோடு நன்றாக மக்கிய கொம்போஸ்ட்டும், கிடைத்தால் கொஞ்சம் ஆற்று மணலும் கலந்து, கல், கட்டி இல்லாமல் பொடியாக்குங்கள். கோழி எரு என்றால் மாதக்கணக்கில் மக்கியிருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் முளை கருகும். 2021இல் ரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது நினைவிருக்கும். அந்த ஆறேழு மாத அவதியில் பல வீடுகளில் கொம்போஸ்ட் குழி தோண்டினார்கள். அதைக் கைவிட்டிருந்தால் மறுபடி தொடங்குங்கள், நாற்றுமேடைக்கு அதைவிட நல்லது வேறில்லை.

விதைக்கு முன் மேடையைச் சுடுவது பழைய நல்ல வழக்கம். காய்ந்த வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் பரப்பி எரிப்பார்கள். உமி கிடைக்காத தோட்டங்களில் காய்ந்த மாணாப் புல்லும் உதவும். சிறிய மேடைக்குக் கொதிநீர் ஊற்றினாலும் பரவாயில்லை. வெயில் நிச்சயமான மாதங்களில் ஈரமண்ணின் மேல் கண்ணாடிப் பொலித்தீனை இறுக விரித்து மூன்று வாரம் விடலாம். மூட்டத்தில் அது பலிக்காது.

நிலமே இல்லை, ரெஜிபோம் பெட்டியில் நாற்றுப் போடலாமா?

போடலாம். மீன் வந்த பெட்டி என்றால் உப்புப் போகக் கழுவுங்கள். அடியில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஏழெட்டுத் துளை, கீழே இரண்டு செங்கல், உள்ளே ஒரு சாண் மண். சின்னத் துளை இரண்டு போட்டுவிட்டு வடியும் என்று காத்திருக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

விதைத்து இரண்டு வாரமாகிறது, ஒன்றும் காணவில்லை.

குளிரில் அப்படித்தான். வெலிமடையில் பத்து நாளில் வருவது நுவரெலியாவில் மூன்று வாரம் எடுக்கலாம். விரல் நகம் அளவு ஆழத்தில், நாலு விரல் இடைவெளிக் கோடுகளில் போட்டிருந்தால் பொறுத்திருங்கள். மேலே போட்ட புல்லையோ சாக்கையோ மட்டும் தினமும் தூக்கிப் பாருங்கள். முதலில் வருவது ஊசி மடங்கி நிற்பது போன்ற கொக்கி. அது தெரிந்த அன்றே மூடியதை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

நன்றாக முளைத்த நாற்று, அடியில் கறுத்து வரிசையாகச் சாய்கிறது. என்ன நோய்?

நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணங்கள் செய்யும் வேலை. மலையகத்தில் நாற்று தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். மருந்து தேடிக் கடைக்கு ஓடுமுன் மூன்று விஷயத்தைப் பாருங்கள். நெருக்கமாக விதைத்தீர்களா? மாலையில் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? கூரை இல்லாமல் மழை நேரே விழுகிறதா?

சாய்ந்ததைச் சுற்றி ஒரு கை அளவு மண்ணோடு அள்ளி வெளியே போடுங்கள். மிச்சத்துக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். நெருக்கமான இடத்தில் கலைத்துவிடுங்கள், கலைத்த பிஞ்சு சம்பலுக்கு ஆகும், ஆனால் பூச்சு போட்ட விதையில் வந்ததென்றால் வேண்டாம். இனிமேல் காலையில் மட்டும், பூவாளியால், மண் மேலே காய்ந்த பிறகு ஊற்றுங்கள். கூரைக்கு நாலு கம்பும் ஒரு பொலித்தீனும் போதும். பக்கங்களை மூடிவிடாதீர்கள், காற்று ஓட வேண்டும்.

அப்படியும் பரவினால் மருந்தின் பெயரை அயலவரிடம் கேட்காமல் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

எப்போது பிடுங்கி நடுவது?

நாளை எண்ணாதீர்கள், தடிப்பைப் பாருங்கள். லீக்ஸ் நாற்று பென்சில் தடிப்புக்கு வர வேண்டும், உயரம் ஒரு சாணுக்கு மேல். எட்டு முதல் பத்து வாரம் ஆகும், உயரமான இடத்தில் கூடவும் ஆகலாம். அவசரப்பட்டு நூல் போன்ற நாற்றை நட்டால் முதல் பெருமழையிலேயே மண் மூடிவிடும்.

வெங்காயம் சீக்கிரம், ஆறு முதல் எட்டு வாரம். மூன்று நான்கு தாள் வந்ததும் எடுத்துவிடுங்கள். இதில் தடிப்பு அதிகமாவது நல்லதல்ல. பெரிதாக வளர்ந்த வெங்காய நாற்று குளிரில் அகப்பட்டால் கிழங்குக்குப் பதில் பூத்தண்டை அனுப்பும்.

பிடுங்குவதற்கு முந்திய மாலை மேடையை நனைத்து, காலையில் மண் கிளறும் முள்ளால் அடியிலிருந்து நெம்பி எடுங்கள். மூட்டமான நாள் கிடைத்தால் அன்றே நடுங்கள். அந்த விஷயத்தில் நமக்குக் குறைவில்லை.

நடுமுன் இலை நுனியையும் வேரையும் வெட்டச் சொல்கிறார்களே?

இலை நுனியை வெட்டலாம். நீண்டு தரையில் புரளும் நாற்றில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கினால் வாட்டம் குறையும், நடவும் சுலபம். வேரை வெட்டுவது பழக்கத்தால் செய்வது, அதில் நாற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. குழிக்குள் போகாமல் சுருண்டு நிற்கும் நீண்ட வேரை மட்டும் கொஞ்சம் கத்தரியுங்கள்.

லீக்ஸ் நடும் முறையை விளக்கமாகச் சொல்லுங்கள்.

லீக்ஸை ஆழமாக நட வேண்டும், அதுதான் அடிப்படை. ஒரு பழைய மம்பட்டிப் பிடியை எடுத்து ஈரமண்ணில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15 சென்ரிமீற்றர் அளவுக்குக் குத்திச் சுழற்றி எடுங்கள். அந்தக் குழியில் நாற்றை இறக்குங்கள், இலை விரியும் கக்கம் மண் மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். மண் தள்ளி மூடாதீர்கள், அழுத்தாதீர்கள். குழி நிறையத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரோடு கொஞ்சம் மண் கரைந்து வேரை மூடும். மீதிக் குழி நாளடைவில் தானாக நிரம்பும், தண்டு தடிக்க இடமும் கிடைக்கும்.

புதிதாக நடுபவர்களுக்குக் குழியைத் திறந்து விட்டுப்போக மனம் வராது. வந்து வந்து மண்ணைத் தள்ளுவார்கள். விடுங்கள்.

இந்த முறை தை, மாசி போன்ற காய்ந்த மாதங்களுக்கும், நீர் வடியும் மண்ணுக்கும்தான். அடைமழை நேரத்தில், அதுவும் ஹட்டன் பக்கத்துக் களிமண்ணில், அந்தக் குழி ஒரு சின்னக் கிணறாகிவிடும், நாற்று அடியிலிருந்து அழுகும். அப்போது மேட்டுப்பாத்தி கட்டி, நாலு விரல் ஆழத்தில் மட்டும் நட்டு, வளர வளர மண் அணையுங்கள். மலைச் சரிவில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே கட்டுங்கள், மேலே ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். நெடுகாகக் கட்டினால் ஒரே மழையில் மண்ணும் நாற்றும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

வெங்காயத்தையும் அப்படியே ஆழமாக நடலாமா?

கூடாது. வேர் மட்டும் மண்ணுக்குள், வெள்ளை அடி மண்ணை ஒட்டி. இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் புதைத்தால் தண்டு தடிக்கும், கிழங்கு உருளாது. தாளுக்காக மட்டும் என்றால் எப்படி நட்டாலும் பரவாயில்லை.

இடைவெளி?

லீக்ஸுக்குச் செடிக்குச் செடி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, வரிசைக்கு வரிசை ஒரு சாண். வெங்காயம் செடிக்குச் செடி நாலு விரல் போதும்.

தண்டு நீளமாக வெள்ளையாக வர எவ்வளவு மண் அணைக்க வேண்டும்?

அளவுக்கு மேல் கவலைப்படாதீர்கள். வெள்ளைத் தண்டை மட்டும் நறுக்கிப் பச்சையை எறியும் ஊர்களுக்கு அது பெரிய விஷயம். நம் வீடுகளில் நெத்தலிக் கருவாட்டோடோ உருளைக்கிழங்கோடோ வதக்கும்போது பச்சை இலையும் சேர்ந்தேதான் சட்டிக்குப் போகிறது. தண்டு சாயாமல் நிற்க மாதம் ஒரு தரம், இலைக் கக்கத்துக்குக் கீழே வரை அணைத்தால் போதும். கக்கத்துக்கு மேலே ஏற்றினால் இலை அடுக்குக்குள் மண் புகும். அதைக் கழுவி எடுப்பது சமைப்பவர் பாடு.

நட்ட பிறகு பசளை?

நடும் பாத்தியில் மக்கிய எருவைக் கலந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நட்ட மூன்று வாரத்தில் ஒரு தரம், அதன் பின் மாதம் ஒரு தரம், சதுர மீற்றருக்கு ஒரு தேக்கரண்டி யூரியாவை வரிசைக்கு இடையில் தூவித் தண்ணீர் விடலாம். யூரியா வேண்டாம் என்பவர்கள் மாட்டெருவை ஊறவைத்து வடித்த நீரை ஊற்றலாம். வெங்காயத்துக்கு அடி பருக்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு கொடுத்தால் கழுத்துத் தடித்து, எடுத்த வெங்காயம் சீக்கிரம் அழுகும்.

ஜனவரியில் துகள் பனி விழுகிறது. நாற்று கருகுமா?

நட்டு வேர் பிடித்த லீக்ஸ் அதைத் தாங்கும், உருளைக்கிழங்கும் போஞ்சியும்தான் கருகும். மேடையில் இருக்கும் பிஞ்சுக்குத்தான் ஆபத்து. வானம் தெளிந்து, காற்று அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுகளில் மேடையை உரச் சாக்கால் மூடுங்கள். சாக்கு நாற்றில் படாமல் கம்பின் மேல் நிற்கட்டும். காலையில் இலையில் வெள்ளை படிந்திருந்தால் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுங்கள்.

இலையில் வெள்ளிக் கீறல் கீறலாக இருக்கிறது. சில இலைகளில் ஊதாப் புள்ளியும் தெரிகிறது.

இரண்டும் வேறு வேறு. வெள்ளிக் கீறல் இலைப்பேன் சுரண்டிய தடம். இலை விரியும் கக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் மஞ்சள் நூல் துண்டு போல ஓடும். மழை குறைந்த மாதங்களில் பெருகும், ஊவாக் காற்றுக் காலத்தில் குறிப்பாக. தண்ணீரைக் கக்கத்துக்குள் வேகமாகப் பீச்சி அடித்தாலே வீட்டளவில் அடங்கும்.

ஊதாப் புள்ளி பூஞ்சணம். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் வரும், இலைப்பேன் சுரண்டிய புண்ணிலும் எளிதில் நுழையும். பாதித்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள், கொம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். அடுத்த முறை அதே பாத்தியில் வெங்காயக் குடும்பம் வேண்டாம். கோவா, கரட், போஞ்சி என்று மாற்றி, இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

விடிந்து பார்க்கும்போது நாற்று அடியோடு நறுக்கிக் கிடந்தால் வெட்டுப்புழு. இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், அல்லது நறுக்கிய செடியின் அடியை விரலால் கிளறுங்கள், சுருண்டு கிடக்கும்.

வீட்டை ஒட்டியே தேயிலை மலை. களைக்கு மருந்தடிக்கிறார்கள்.

காற்றில் வரும் தூறல் பிஞ்சு நாற்றுக்குப் போதும், இரண்டு நாளில் வெளுத்துவிடும். எந்த நாள் அடிக்கப்போகிறார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று மேடையைப் பொலித்தீனால் முழுதாக மூடுங்கள். மருந்தடித்த ஸ்ப்ரேயரைக் கழுவும் பீலிக்கரையிலிருந்து நாற்றுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டாம். குடிக்கவும்தான்.

முளைவிட்ட பெரிய வெங்காயத்தை நட்டால் புது வெங்காயம் வருமா?

தாள் வரும், சில நாளில் பூத்தண்டு வரும், உள்ளே இரண்டு மூன்றாகப் பிளக்கும். கடையில் பார்க்கும் உருண்டை வராது. தாளுக்கு நடுங்கள். சந்தையில் வாங்கிய லீக்ஸின் வேரோடு கூடிய அடிக்கட்டையையும் இரண்டு விரல் விட்டு வெட்டி நடலாம், கறிக்கு இலை தரும்.

எப்போது எடுப்பது?

லீக்ஸ் நட்டு மூன்றரை, நாலு மாதத்தில் பெருவிரலைவிடத் தடித்ததும். ஒன்று விட்டு ஒன்றாக எடுங்கள், விட்டது இன்னும் தடிக்கும். கையால் இழுத்தால் அறும், முள்ளால் நெம்புங்கள்.

வெங்காயம், பாதிக்கு மேல் தாள் தானாகச் சாய்ந்த பிறகு. எடுத்ததும் தாளை வெட்டாமல், மழை படாத காற்றோட்டமான இடத்தில் கழுத்து நன்றாகக் காயும்வரை பரப்புங்கள். குசினியில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாலும் சரி.

சொந்தமாக லீக்ஸ் விதை எடுக்கலாமா?

லீக்ஸ் இரண்டாம் ஆண்டில், போதிய குளிர் பட்ட பிறகே பூக்கும் பயிர். நம் குளிர் அதற்கு எப்போதும் போதுமானதல்ல. தப்பித் தவறிப் பூத்தாலும் விதை முற்றும் நேரம் மழை வந்து பூக்குடையிலேயே பூஞ்சணம் பிடிக்கும். கடையில் முத்திரையிட்ட சிறு பக்கெட்டாக, திகதியைப் பார்த்து வாங்குங்கள்.